சம்பந்தி, சிரிப்பு வந்ததா?

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம் பல. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். இரண்டு நாளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். (இந்தத் 'தாங்கள்' எனக்கே தாங்கவில்லை. வழக்கம்போல 'நீங்கள்' என்றே எழுதிவிடுகிறேன்.) போனில் பேசித் தீர்க்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறானே இந்த மனிதன் என்று நினைப்பீர்கள். என் போனை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பூட்டாமல் இருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். இனி உங்களுக்கு நான் சொல்வது எதுவானாலும் என் கையால் எழுதி, என் கண்ணால் மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது சொந்தப் பல் இல்லாத குறை கிடையாது. எனக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 'ல'வா 'ள'வா, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. நம் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரிக்கு வந்தபோது உங்கள் பெயருக்குக் கீழே 'காளணி வியாபாரம்' என்று இருந்ததும், நான் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு 'காலணி' என்று திருத்தியதும், திருத்தியதோடு நிற்காமல் உங்களைக் கூப்பிட்டுப் பெருமையடித்துக்கொண்டதும் நினைவிருக்கும். வேறு யாராக இருந்தாலும் "அப்படியா, சரி" என்று நகர்ந்திருப்பார்கள். நீங்கள், "காளை மாட்டுத் தோலுல செஞ்சா காளணிதானே சம்பந்தி, விட்டுடுங்க" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு சிநேகிதனும் கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்காது. பிறகு ஒரு தடவை உங்கள் கடைக்கு வந்தபோது, என்னுடைய கோணல் காலுக்கு ஜோடி தேடி நீங்களே ஏணியில் ஏறி இறங்கி மூச்சு வாங்கினீர்கள். (என் இடது கால் வலது காலைவிட ஒரு சுற்றுப் பெரிது. பிழை திருத்துபவனின் காலிலேயே கடவுள் விட்ட அச்சுப்பிழை.) ஒத்துவரவில்லை என்பதற்கு என்னைவிட நீங்கள்தான் அதிகம் வருத்தப்பட்டீர்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே எனக்குத் திருத்துவதற்குப் பிழை இல்லாமல் போயிற்று. வீட்டில் இருப்பதைத் திருத்தலாம் என்று பார்த்தால், என் மனைவி எனக்கு முன்னாலேயே என்னைத் திருத்த ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் இந்தப் போன் கைக்கு வந்தது. கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் கண்டதைக் கற்கவில்லை, கண்டதை அனுப்பினேன். அதற்கென்றே 'கண்டது' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். நான், நீங்கள், எனக்குப் பல் கட்டுகிற டாக்டர், மாடி வீட்டு வக்கீல் என்று நாலே பேர். 'உங்கள் துணியில் எங்கள் கைவரிசை' என்று தையல்காரர் ஒருவர் தன் கடை வாசலில் எழுதி வைத்திருந்த பலகை, 'எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள் திரும்பிப் போனதில்லை' என்ற விளம்பரம், நகரும் படிக்கட்டில் கீழிருந்து மேலே போய் மறுபடி இறங்கி வந்து மறுபடி மேலே போகிற பூனை என்று நான் தேடித் தேடிப் பிடித்து அனுப்புவேன். பல் டாக்டர் எதையும் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவார். வக்கீல் "இதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்பார். பூனைக்கு நான் ஆதாரத்துக்கு எங்கே போவேன்?

நீங்கள் மட்டும்தான் பார்த்தீர்கள், படித்தீர்கள், சிரித்தீர்கள். சதுரம் சதுரமாகச் சாணி போடுகிற ஒரு பிராணி இருக்கிறது என்று நான் படத்தோடு அனுப்பியபோது, "நம்ம கடைப் பையன்களைவிட ஒழுங்கா டப்பா அடுக்கும் போலிருக்கே சம்பந்தி, வேலைக்கு வருமா கேளுங்க" என்று எழுதினீர்கள். அதை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "சாணியைப் பத்தி சம்பந்தியோட பேசற ஒரே குடும்பம் நாமதான்" என்றாள் என் மனைவி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான், 'சம்பந்தி, சிரிப்பு வந்ததா?' என்று கேட்பதும், நீங்கள் கடை திறந்து விளக்குப் போட்ட கையோடு, 'வந்தது சம்பந்தி, வந்தது' என்று பதில் போடுவதும் வழக்கமாயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த 'வந்தது'க்காகத்தான் நான் காலையில் படுக்கையை விட்டு எழுந்துகொண்டிருந்தேன். நான் திருத்தியதை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். ஒருவர்கூட எனக்குப் பதில் எழுதியதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரியும். கட்டு அவிழ்க்கிற வரை எதையும் படிக்கக் கூடாது, போனைப் பார்க்கவே கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். அவர் ஒரு தடவை சொன்னதை என் மனைவி ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னாள். இந்தச் சமயம் பார்த்துப் பல் டாக்டர், "சும்மாதானே இருக்கீங்க, அந்த முன்பல்லையும் பார்த்துடலாம் வாங்க" என்று கூப்பிட்டு, ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசையை எடுத்துவிட்டுப் புதுப் பல் செட் மாட்டினார். அது வாய்க்குள் இன்னும் குடியேறவில்லை. வாடகைக்கு வந்தவன் மாதிரி முன்னும் பின்னும் உலாத்திக்கொண்டிருந்தது. 'ச' சொன்னால் விசில் வரும். "படிக்க முடியலை, எழுத முடியலை, பைத்தியம் பிடிக்குது டாக்டர்" என்று நான் புலம்பினேன். அவர் என் போனை வாங்கி, அதில் மைக் படம் போட்ட இடம் ஒன்றைக் காட்டி, "விரலே வேண்டாம், வாயைத் திறங்க, போதும்" என்றார். அவர் எல்லாரிடமும் சொல்கிற வசனம்தான் அது. நான் அதை ஒரு வரப்பிரசாதமாக எடுத்துக்கொண்டேன். போகிறபோக்கில் எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தார். எவ்வளவு பெரிதென்றால், கடைசியாக வந்த ஒரு வரி மட்டும்தான் திரையில் தெரியும். மேலே நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

மனைவிக்குத் தெரியாமல் குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு தினமும் பேசினேன். அனுப்புவதற்குப் பஞ்சமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே, பஞ்சகாலத்துக்குத் தானியம் சேர்க்கிறவனைப் போலப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும் என்ற திமிர் வேறு. அந்தத் திமிரில் என்னென்ன போயிருக்கிறது என்று கட்டு அவிழ்த்த பிறகுதான் பார்த்தேன். என் ரத்தப் பரிசோதனை முடிவு போயிருக்கிறது. என் மனைவி தலை காய வைத்துக்கொண்டிருக்கிற படம் போயிருக்கிறது. இரண்டுக்கும் பல் டாக்டர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்.

முதல் நாள் உங்களிடமிருந்து, 'இன்னும் வரலை சம்பந்தி. சீக்கிரம் வரும்' என்று பதில் வந்தது. போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு, எறும்பு ஊர்கிற கண்ணால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பு வரவில்லையாம். ஆனாலும் பெரிய மனுஷன், 'சீக்கிரம் வரும்' என்று தேற்றுகிறாரே என்று நினைத்து, மறுநாள் இன்னும் நல்ல சரக்காக எடுத்து விட்டேன். 'கொஞ்சம் பொறுங்க சம்பந்தி' என்று எழுதினீர்கள். பொறுத்தேன், பொறுத்துக்கொண்டே இன்னும் இரண்டு படம் அனுப்பினேன். அடுத்து, 'ஆள் அனுப்பியிருக்கேன்' என்று வந்தது. இது எனக்குப் புரியவில்லை. சிரிப்பதற்கு ஆள் அனுப்புவானேன்? கடையில் யாருக்கோ எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், அவருக்கும் வயசாகிறது என்று உங்களுக்காகப் பரிதாபப்பட்டேன் சம்பந்தி. நான் பரிதாபப்பட்டேன்! அதற்கப்புறம் ஒரு காலையில் உங்கள் பெயரும் அதற்குப் பக்கத்தில் 'வெளியேறினார்' என்ற சொல்லும் மட்டும் வந்தது. ஒற்றைச் சொல், ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கு நான் குழாயைத் திறக்கவில்லை. குளியலறையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே மகள் கூப்பிட்டாள். "அப்பா, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? சரியா சாப்பிடறதில்லை. ராவும் பகலும் கடையே கதின்னு கிடக்கறார். என்னன்னு கேட்டா செருப்பு, செருப்புன்னு புலம்பறார்" என்றாள். நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன். "ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் அங்க வர்றதாவது நடக்குமா, இல்ல நான் ஒருத்தி மட்டும் வரணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். கண் டாக்டர் சுவரில் தொங்கிய அட்டையைப் படிக்கச் சொன்னபோது கடகடவென்று படித்தேன். "பிரமாதம்" என்றார். வீட்டுக்கு வந்து, எழுத்தைச் சின்னதாக்கி, நான் பேசியவற்றை முதல் வரியிலிருந்து படித்தேன். இவ்வளவு நல்ல பார்வையை எனக்கு யாரும் கொடுத்திருக்க வேண்டாம்.

என் பல் செட்டுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நடுவில் அந்தப் பாழாய்ப்போன மைக்குக்கு என்ன கேட்டதோ தெரியாது. நான் எங்கெல்லாம் 'சிரிப்பு' என்று சொன்னேனோ அங்கெல்லாம் அது 'செருப்பு' என்று எழுதி வைத்திருக்கிறது. தினமும், விடிந்தும் விடியாததுமாக, 'சம்பந்தி, செருப்பு வந்ததா?' என்று உங்களைக் கேட்டிருக்கிறேன். 'நேத்து அவ்வளவு அனுப்பியும் செருப்பு வரலையா?' என்று குத்திக் காட்டியிருக்கிறேன். 'வீட்டுல எல்லாருக்கும் செருப்பைக் குடுங்க' என்று உபதேசம் பண்ணியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிகரமாக, நீங்கள் வெளியேறுவதற்கு முந்தின நாள், 'எனக்கு வேற எதுவும் வேண்டாம் சம்பந்தி, உங்க முகத்துல ஒரு தடவை செருப்பைப் பார்த்தா போதும்' என்று உருகியிருக்கிறேன். உருகித்தான் சொன்னேன், சத்தியமாக. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆபரேஷன் பண்ணின கண் என்று துடைத்துக்கொள்ளாமல் விட்டேன். செருப்பு விற்றுக் கௌரவமாகப் பிழைக்கிற ஒரு மனிதரிடம், பெண்ணைக் கொடுத்தவன், நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்கிற பேச்சா இது? உங்கள் தொழிலையே எடுத்து உங்கள் முகத்தில் எறிந்த மாதிரி ஆகிவிட்டதே!

படித்து முடித்த பிறகுதான் உங்கள் பதில்களுக்கெல்லாம் அர்த்தம் புரிந்தது. 'சீக்கிரம் வரும்' என்றீர்களே, எது வரும் என்று புரிந்தது. 'கொஞ்சம் பொறுங்க' என்பது எச்சரிக்கை என்று புரிந்தது. 'ஆள் அனுப்பியிருக்கேன்' என்பதை நினைத்ததும் எழுந்து போய் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். மாடிக்கு ஓடி வக்கீலிடம் காட்டினேன். "நான் அப்பவே பார்த்தேன். ஏதோ சம்பந்திங்களுக்குள்ள தகராறு, சமரசத்துக்குக் கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "இவ்வளவு நாளா ஆதாரம் இருக்கா, ஆதாரம் இருக்கான்னு கேட்டேனே, இது ஒண்ணுக்குத்தான் முழுசா ஆதாரம் இருக்கு" என்று வேறு சொன்னார். பல் டாக்டரைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் தூக்கியிருக்கிறீரே, ஒன்றையாவது படித்தீரா என்றேன். "படிக்கணுமா?" என்றார். என் மனைவி முழுவதையும் நிதானமாகப் படித்தாள், போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், "முப்பது வருஷம் ஊரார் பிழையையெல்லாம் திருத்தினீங்களே, என்ன பிரயோஜனம்?" என்றாள். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தால் நான் கதவுக்குப் பின்னால் நின்று, "யாரு? எங்கேருந்து? யார் அனுப்பினது?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். நேற்று ஒரு தபால்காரர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

சம்பந்தி, நான் சுற்றி வளைக்கவில்லை. தப்பு என் மேல்தான். மைக் மேலும் இல்லை, பல் மேலும் இல்லை. படித்துப் பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன், ஒரு 'வந்தது'க்கு ஆசைப்பட்டுப் படிக்காமலே அனுப்பினேன். என்னை நாலு வார்த்தை திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவர்கள் வராமல் இருந்துவிடாதீர்கள். மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது. அதைவிட, உண்மையைச் சொன்னால், நீங்கள் வராவிட்டால் நான் யாரோடு சிரிப்பேன்? இனி என் ஆயுசுக்கும் கண்டதை யாருக்கும் அனுப்ப மாட்டேன். பூனை படிக்கட்டில் ஏறினாலும் இறங்கினாலும் அது அதன் பாடு. 'கண்டது' குழுவை இன்றோடு கலைத்துவிடுகிறேன். பீரோ திறந்ததும் முதல் வேலை அதுதான். இது உறுதி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணில் அந்த 'வீட்டுல எல்லாருக்கும்' பட்டிருக்காது என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். கடை செழிக்கட்டும், வரும் கால்களெல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கும்,
உங்கள் தாங்க முடியாத சம்பந்தி.

பி.கு.: மேலே எழுதியதை மூன்று தடவை படித்து, உறைக்குள் போட்டு, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. "யார் அனுப்பினது?" என்றேன். வெளியே நின்றவன் உங்கள் கடைப் பெயரைச் சொன்னான். ஆள் வந்தே விட்டான்! நான் கதவோடு ஒட்டி நிற்க, என் மனைவி என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திறந்து, கையெழுத்துப் போட்டு ஒரு பெட்டியை வாங்கினாள். பெட்டிக்குள் ஒரு ஜோடி செருப்பு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. நீங்கள் எழுதியது உங்களுக்குத் தெரியும் என்றாலும், என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது:

"சம்பந்தி, தாமதத்துக்கு ரொம்ப மன்னிக்கணும். உங்க காலுக்குத் தனியா செஞ்சு தர்றேன்னு அன்னிக்கு வாக்குக் குடுத்தேன். செய்யற ஆளு வேலையை விட்டுப் போயிட்டார். இன்னொருத்தரைத் தேடி ஆள் அனுப்பினேன். தினம் காலையில கடை திறந்ததும் நீங்க 'செருப்பு வந்ததா, செருப்பு வந்ததா'ன்னு கேட்கறப்ப, ஒரு வியாபாரியா எனக்குத் தலைகாட்ட முடியலை. அந்த வெட்கத்துலதான் குழுவை விட்டு வெளியேறினேன். 'முகத்துல செருப்பைப் பார்த்தா போதும்'னு போட்டீங்களே, அன்னிக்குத்தான் உங்க கோபம் எவ்வளவுன்னு புரிஞ்சது. நியாயமான கோபம். ராத்திரி பகலா பக்கத்துலயே உட்கார்ந்து செய்யச் சொன்னேன். போட்டுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், கோபத்துல படம் அனுப்பறதை நிறுத்திடாதீங்க. எல்லாம் பார்த்துச் சிரிச்சேன். ரத்தப் பரிசோதனையில என்ன ஜோக்குன்னு மட்டும் விளங்கலை."

வாக்குக் கொடுத்தது நீங்கள், சம்பந்தி. எனக்கு அது மறந்தே போயிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாலு தடவை நடந்தேன். இத்தனை வயசுக்கு என் இரண்டு காலும் ஒரே சமயத்தில் சந்தோஷமாக இருந்தது இதுதான் முதல் தடவை. என் மனைவி சீட்டைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துப் பீரோ சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

ஆக, மேலே நான் எழுதியிருக்கிற மன்னிப்பெல்லாம் வீண். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் எப்போதைக்கும் தெரியப்போவதும் இல்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் நான் இதுவரை கண்டதிலேயே இவ்வளவு நல்லது எதுவும் இல்லை, இதை உங்களுக்கு அனுப்பாமல் நான் வேறு யாருக்கு அனுப்புவேன்? ஆயுசுக்கும் அனுப்ப மாட்டேன் என்றது நாளையிலிருந்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பெட்டியின் மேல் 'காளணி' என்று அச்சாகியிருக்கிறது. நான் திருத்தவில்லை.

செருப்பு வந்தது, சம்பந்தி. சிரிப்பு வந்ததா?